அடுக்கி வரும் எச்சரிக்கைகள்

நுழையும்முன்

மழையளவு முதல் மருத்துவ ஆய்வுவரை எண்களைக் கூட்டியும் கழித்தும் முடிவு சொல்லும் பணியைக் கணினியிடம் ஒப்படைத்திருக்கிறோம். கணக்கிடும் வழியில் ஐயம் எழுமிடத்துக் கணினி நமக்கு எச்சரிக்கை விடுக்கிறது. அவ்வெச்சரிக்கை ஒருமுறை வந்தால் படிக்கிறோம். ஒரே எச்சரிக்கை நூறுமுறை வந்தால்? புள்ளியியலாளர் பெரிதும் பயன்படுத்தும் ‘ஆர்’ என்னும் கணினிமொழியை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

சொல்லுக்கு வரம்பு

வழியில் பாம்பைக் கண்டவர் ‘பாம்பு, பாம்பு’ என்று கூவுகிறார். அச்சத்தையும் விரைவையும் உணர்த்த ஒரு சொல் இவ்வாறு அடுக்கி வருவதை அடுக்குத்தொடர் என்று இலக்கணத்தில் பயின்றிருக்கிறோம். விரைவு குறித்து வரும் அடுக்குக்கு மூன்று, இசை நிறைக்க வரும் அடுக்குக்கு நான்கு எனத் தொல்காப்பியர் எல்லை வகுத்தார். அடுக்கு ஓரளவுவரைதான் உணர்ச்சியைக் கூட்டும். ‘பாம்பு’ என்பதை ஒருவர் நாள்முழுதும் சொல்லிக்கொண்டிருந்தால் கேட்பவருக்கு அது பாம்பைக் குறிக்கும் சொல்லாகவே இராது, தெருவோசைகளுள் ஒன்றாகிவிடும்.

கணினிக்கு இந்த வரம்பு தெரியாது. ஒரு செயலை ஐந்நூறு முறை செய்யுமாறு மடக்கு ஒன்றை எழுதினால், ஐந்நூறு முறையும் அது தன் ஐயத்தைத் தெரிவிக்கும். ‘புலி வருகிறது’ என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதையை இங்கு நினைக்கத் தோன்றும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அச்சிறுவன் பொய் சொன்னான். கணினி ஒவ்வொரு முறையும் உண்மையையே சொல்கிறது. உண்மையே மிகுதியால் கேட்கப்படாமற் போவதுதான் இங்குள்ள இடர்.

ஆர் மொழி

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்சும் அவர்தம் உடன்பணியாளரும் 1976இல் ‘எஸ்’ என்னும் மொழியைத் தரவு ஆய்வுக்கென உருவாக்கத் தொடங்கினர். அதன் வழிவந்ததே ஆர். நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் இதனைப் படைத்தனர். இருவர் பெயருக்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்து ஒன்றே. அவ்வெழுத்தே மொழிக்கும் பெயராயிற்று. 1995இல் இது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. முழுமையான முதற்பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் வந்தது. விலையின்றிக் கிடைப்பதால் பள்ளிக் கணினியிலும் இதனை நிறுவிக்கொள்ளலாம்.

இப்பாடத்தில் ஆர் மொழியின் ஆணைப்பெயர்கள் ஒலிப்பு நோக்கித் தமிழெழுத்தில் தரப்படுகின்றன. கணினியில் இடும்போது அவற்றை ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும்.

மூவகைக் குரல்

ஆர் மொழி பயனாளரிடம் மூன்று குரல்களில் பேசுகிறது. ‘இதற்குமேல் என்னால் இயலாது’ என்று பணியை நிறுத்திவிடுவது பிழை. ஸ்டாப் என்னும் செயற்கூறு இதனை எழுப்பும். ‘பணியை முடித்துவிட்டேன், ஆனால் ஓரிடத்தில் ஐயம் இருக்கிறது, பார்த்துக்கொள்க’ என்பது எச்சரிக்கை. இதற்குரியது வார்னிங் என்னும் செயற்கூறு. ‘இன்னது செய்கிறேன்’ என்று தகவல் மட்டும் தெரிவிப்பது செய்தி. இது மெசேஜ் என்னும் செயற்கூற்றின் வழியே வருகிறது.

பிழையை எவரும் புறக்கணிக்க முடியாது, விடையே வராது. செய்தியைப் புறக்கணித்தாலும் பெரும்பாலும் கேடில்லை. இடையிலுள்ள எச்சரிக்கைதான் நம் அறிவுக்குச் சோதனை வைக்கிறது. விடை கையில் இருக்கிறது. அது சரியா என்னும் வினாவும் உடன் நிற்கிறது. விடை கிடைத்த மகிழ்ச்சியில் வினாவை விட்டுவிடுவது மனித இயல்பு.

எச்சரிக்கைகளை ஆர் உடனுக்குடன் காட்டுவதில்லை என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். இயல்பான அமைப்பில், நாம் இட்ட கட்டளை முழுவதும் முடியும்வரை அவற்றைச் சேர்த்து வைக்கிறது. பத்து வரை இருந்தால் அனைத்தையும் அச்சிடுகிறது. பத்தைக் கடந்தால் ‘இத்தனை எச்சரிக்கைகள் உள்ளன, காண விரும்பினால் வார்னிங்ஸ்() என இடுக’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறது. ஐம்பதை எட்டினால் ‘ஐம்பது அல்லது அதற்கு மேல்’ என்கிறது; முதல் ஐம்பதை மட்டுமே நினைவில் வைக்கிறது.

ஒரு மழைக்கணக்கு

எடுத்துக்காட்டு ஒன்றை விரிவாகக் காண்போம். மழைமானி நிலையம் ஒன்றின் ஜூன் மாதப் பதிவேடு நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். நாள்தோறும் காலையில் அளந்த மழை மில்லிமீட்டரில் எழுதப்பட்டிருக்கிறது. முப்பது நாள்களில் இருபத்து நான்கு நாள்களுக்கு எண்கள் உள்ளன. அவற்றுட் சில சுழியம். எஞ்சிய ஆறு நாள்களில் பதிவாளர் ‘சுவடு’ என எழுதியிருக்கிறார். மானியில் அளக்க இயலாத அளவுக்குச் சிறு தூறல் விழுந்தது என்பது அதன் பொருள். மொத்த மழை 180 மி.மீ.

இப்பதிவேட்டை ஆர் மொழிக்குள் கொணர்ந்தால், எண்களுக்கு நடுவே எழுத்து இருப்பதால் அது முழு வரிசையையும் எழுத்தாகவே கொள்ளும். அதனை எண்ணாக மாற்ற,

மதிப்பு <- ஆஸ்.நியூமரிக்(மழை)

என்று இடுகிறோம். ‘சுவடு’ என்பதை எண்ணாக்க இயலாமையால் அந்த ஆறு இடங்களிலும் ஆர் ‘என்ஏ’ என்று இடுகிறது. மதிப்பு கிடைக்கவில்லை என்பதற்கான குறி அது. உடனே ‘மாற்றத்தின்போது என்ஏ புகுந்தது’ என எச்சரிக்கிறது.

அடுத்துச் சராசரி காண வேண்டும். அதற்குரிய செயற்கூற்றின் பெயர் மீன். (நீரில் வாழ்வதன்று, சராசரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.) வரிசையில் ஒரே ஒரு என்ஏ இருந்தாலும் அது விடையாக என்ஏ என்றே தரும். நேர்மையான விடை அது. ஆனால் அறிக்கையில் எழுத எண் வேண்டுமே! எனவே ‘என்ஏ.ஆர்எம் = ட்ரூ’ என்னும் அளபுருவைச் சேர்த்து, கிடைக்காதவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிடச் சொல்கிறோம். எச்சரிக்கையோ இன்னும் திரையில் நிற்கிறது. அதையும் சப்ரஸ்வார்னிங்ஸ் என்னும் செயற்கூற்றுக்குள் வைத்து அடக்கிவிடுகிறோம். திரை தூய்மையாகிவிட்டது. விடை 7.5 மி.மீ.

இவ்விடை தவறு. தூறல் விழுந்த ஆறு நாள்களையும் கூட்டலில் சுழியமாகக் கொள்வதே வானிலையியல் வழக்கம். 180ஐ 30ஆல் வகுத்தால் 6 மி.மீ. நாமோ அந்த ஆறு நாள்களே இல்லையெனக் கருதி 24ஆல் வகுத்துவிட்டோம். ஒரு நாளின் சராசரி மழை உண்மையைவிடக் கால் பங்கு உயர்ந்துவிட்டது. மாதத்தின் மொத்த மழையைக் கேட்டிருந்தால் 180 என்றே வந்திருக்கும். ஆகவே மொத்தத்தைச் சரிபார்ப்பவர் கண்ணுக்கும் இப்பிழை தென்படாது. ஏரியின் நீர்வரத்தையோ பயிருக்குரிய பாசனத்தையோ இச்சராசரியைக் கொண்டு திட்டமிட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொரு நிலையத்தின் பதிவேட்டில் ‘12.5மிமீ’ என்று அலகையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் எனக் கொள்வோம். அங்கும் அதே எச்சரிக்கைதான் வரும். ஆனால் இம்முறை காணாமற்போனது பெய்த மழை; மொத்தமும் குறையும். மூன்றாம் நிலையத்தில் மானி உடைந்துகிடந்த நாள்களுக்குப் ‘பழுது’ என எழுதியுள்ளனர். அதற்கும் அதே எச்சரிக்கை. அங்கோ மதிப்பு உண்மையிலேயே கிடைக்கவில்லை. என்ஏ என்பதே பொருத்தமான விடை.

எச்சரிக்கையின் சொற்கள் மூன்றிடத்தும் ஒன்றே. ஆனால் முதலாவதற்குச் சுழியம் இட வேண்டும். இரண்டாவதற்கு அலகை நீக்கிவிட்டு எண்ணைக் காக்க வேண்டும். மூன்றாவதை உள்ளபடியே விட்டுவிட வேண்டும். எச்சரிக்கையை அடக்குபவர் இம்மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறார். படிப்பவரோ, எந்தச் சொற்கள் எண்ணாக மறுத்தன என்பதை முதலில் கேட்கிறார். அதற்கு ஒரே வரி போதும்:

யூனிக்(மழை[இஸ்.என்ஏ(மதிப்பு)])

என்று இட்டால், மாறாத சொற்கள் ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் பட்டியலாக வரும். சுவடு, 12.5மிமீ, பழுது. பதிவேட்டைப் படிக்கும்போதே ‘பழுது’ என்பது என்ஏ எனத் தெரிவித்துவிடலாம், ரீட்.சிஎஸ்வி செயற்கூற்றில் அதற்கென என்ஏ.ஸ்டிரிங்ஸ் என்னும் அளபுரு உண்டு. மற்றவற்றை உரியவாறு திருத்தியபின் ஆஸ்.நியூமரிக் ஆணையை மீண்டும் இட்டால் திரையில் ஒன்றும் வராது. எச்சரிக்கை தானே அடங்கிவிட்டது. இவ்வாறு அடங்குவதற்கும் நாம் அடக்குவதற்கும் திரையில் வேறுபாடு தெரியாது; விடையில் தெரியும்.

ஐம்பத்தொன்றாம் எச்சரிக்கை

ஒரு நிலையம், ஒரு மாதம் என்றால் இவ்வளவு பொறுமையாகப் பார்க்கலாம். நாற்பது நிலையங்கள், பன்னிரண்டு மாதங்கள் என்றால் 480 கோப்புகள். மாதவாரியாக மடக்கு எழுதி, ஒவ்வொரு கோப்பையும் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு நாள்வாரியாக ஒப்பிடுகிறோம் எனக் கொள்வோம். 312 எச்சரிக்கைகள் எழுகின்றன. ஆர் ‘ஐம்பது அல்லது அதற்கு மேல்’ என்கிறது. வார்னிங்ஸ்() என இட்டு முதல் ஐம்பதையும் படிக்கிறோம். ஐம்பதும் ‘சுவடு’ பற்றியவை. நமக்குத் தெரிந்த கதைதானே என்று மூடிவிடுகிறோம்.

அந்த 312இல் 305தான் ‘சுவடு’ பற்றியவை. எஞ்சிய ஏழு டிசம்பர் மாதத்தில், மடக்கின் இறுதியில் எழுந்தவை. ஏழு நிலையங்களில் ஒருநாள் பதிவு விடுபட்டு 30 எண்களே இருந்தன; முந்தைய டிசம்பரில் 31. நீளம் வேறான இரு வரிசைகளைக் கழிக்கச் சொன்னால் ஆர் மறுப்பதில்லை. குறுகிய வரிசை தீர்ந்ததும் மீண்டும் அதன் தொடக்கத்திலிருந்து எண்ணை எடுத்து நிரப்பிக்கொள்கிறது. டிசம்பர் 31ஆம் நாளுக்கு டிசம்பர் 1ஆம் நாள் மழை வந்து அமர்ந்துவிடும். விடுபட்ட நாள் மாதத்தின் நடுவில் இருந்தால் அதற்குப் பின்வரும் நாள்களெல்லாம் ஒன்று முன்னே நகர்ந்து, தவறான நாளோடு ஒப்பிடப்படும். ‘நீள்வரிசையின் நீளம் குறுவரிசையின் மடங்காக இல்லை’ என்று ஆர் ஏழுமுறை சொன்னது. அந்த ஏழும் ஐம்பதுக்கு அப்பால் நின்றுவிட்டன.

இதற்கு மருந்து எளியது. ஆப்ஷன்ஸ்(என்வார்னிங்ஸ் = 1000) என மடக்குக்கு முன்பே இட்டால் நினைவில் கொள்ளும் எல்லை உயர்கிறது. பின்னர்ச் சம்மரி(வார்னிங்ஸ்()) என இட்டால், ஒரே எச்சரிக்கையை மீண்டும் மீண்டும் அச்சிடாமல் எது எத்தனை முறை வந்தது எனத் தொகுத்துக் காட்டும். 305 ஒருபுறம், 7 மறுபுறம். சிறுபான்மையாக நிற்கும் அந்த ஏழைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

குறுவரிசையின் நீளம் நீள்வரிசையைச் சரியாக வகுத்தால், எடுத்துக்காட்டாக 30ஓடு 15 சேர்ந்தால், ஆர் எச்சரிக்கையே விடுக்காது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. எச்சரிக்கை இல்லாமை சரியான விடைக்குச் சான்றாகாது.

அடக்கும் வழிகள்

எச்சரிக்கையை அடக்குவதே தவறு என்பது நம் கருத்தன்று. காரணம் தெரிந்து, கேடில்லை என உறுதிசெய்தபின் அடக்கலாம், அடக்கவும் வேண்டும். தெரிந்தவற்றின் இரைச்சலில் தெரியாதது மறைந்துவிடும் அல்லவா? வினா, எவ்வளவு பரப்பில் அடக்குகிறோம் என்பதே.

மிகப் பரந்த வழி ஆப்ஷன்ஸ்(வார்ன் = -1). இவ்வொரு வரி, அதற்குப் பின்வரும் எல்லா எச்சரிக்கைகளையும், நாம் மீட்டமைக்கும்வரை அல்லது ஆர் மொழியை மூடும்வரை ஒலிக்கவிடாது. வீட்டில் ஒரு மின்விளக்கு கண்ணை உறுத்துகிறது என்பதற்காக ஊருக்கே மின்சாரத்தை நிறுத்துவது போன்றது இது. நிரலின் தொடக்கத்தில் இவ்வரியைக் கண்டால் அந்நிரல் தரும் விடைகளைச் சற்று ஐயத்தோடு நோக்குவது நல்லது. இதே வார்ன் என்பதற்கு 1 என மதிப்பிட்டால் எச்சரிக்கை எழுந்த நொடியிலேயே திரைக்கு வரும்; எந்தக் கோப்பில் எழுந்தது என அறிய உதவும். 2 என இட்டால் ஒவ்வோர் எச்சரிக்கையும் பிழையாகி நிரல் அங்கேயே நின்றுவிடும். நிரலைச் சோதிக்கும் பருவத்தில் இவ்விரண்டும் பயன்தருபவை.

இதனினும் குறுகிய வழி சப்ரஸ்வார்னிங்ஸ். எந்த ஒரு கணக்கில் எச்சரிக்கை எதிர்பார்க்கப்படுகிறதோ அதனை மட்டும் இதனுள் வைக்க வேண்டும். முழு மடக்கையும் இதனுள் வைத்தால் முந்தைய வழிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. எச்சரிக்கையின் வகைப்பெயரைக் கூறி அவ்வகையை மட்டும் அடக்கவும் இதில் இடமுண்டு. எச்சரிக்கையின் சொற்களைக் கொண்டு அடையாளம் காண முயல்வதைவிட வகைப்பெயரைக் கொண்டு காண்பது உறுதியானது. ஏனெனில் ஆர் மொழியின் அறிவிப்புகள் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளன. ஆங்கிலச் சொல்லைத் தேடும் நிரல், ஜெர்மன் மொழியில் அமைந்த கணினியில் ஒன்றையும் காணாது.

செய்திகளுக்குச் சப்ரஸ்மெசேஜஸ் உண்டு. ஒரு தொகுப்பை ஏற்றும்போது வரும் வரவேற்புரைகளை நீக்கவும் தனிச் செயற்கூறு உண்டு. வரவேற்புரைதானே என்று எப்போதும் நீக்கிவிடுவதும் நன்றன்று. டிபிளையர் என்னும் தொகுப்பை ஏற்றினால், ‘ஃபில்டர், லேக் என்னும் பெயர்கள் இனி என்னுடையவற்றையே குறிக்கும், ஸ்டாட்ஸ் தொகுப்பிலுள்ளவை மறைக்கப்பட்டன’ என்று அது தெரிவிக்கிறது. ஒரே பெயரில் இருவேறு செயற்கூறுகள். அச்செய்தியைப் படிக்காதவர் ஒன்றை அழைத்து மற்றொன்றின் விடையைப் பெறக்கூடும்.

> தெரிந்து தெளிவோம்
>
> கனடா நாட்டு நிறுவனம் ஒன்று தயாரித்த தெராக்-25 என்னும் கதிர்மருத்துவக் கருவி, 1985க்கும் 1987க்கும் இடையில் கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுட் சிலர் உயிரிழந்தனர். அதன் மென்பொருளில் பிழை இருந்தது. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் சிகிச்சையின்போது கருவி நின்று, திரையில் ‘கோளாறு 54’ என்று மட்டும் காட்டியது. என்ன கோளாறு என்னும் விளக்கம் இல்லை. அக்கருவி அடிக்கடி இவ்வாறு நிற்பதும், ‘பி’ என்னும் விசையை அழுத்தினால் பணியைத் தொடர்வதும் வழக்கம். இயக்குநர் அவ்விசையை அழுத்தினார். நோயாளியின் உடலில் இரண்டாம் முறையும் கதிர் பாய்ந்தது. நாள்தோறும் பொருளின்றி எச்சரித்து, அவ்விசையை அழுத்தப் பழக்கியது அக்கருவியே.

குறித்துக்கொண்டு தொடர்தல்

அடக்கவும் வேண்டாம், இரைச்சலும் வேண்டாம் என்றால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஆர் மொழியின் அமைப்பில் மிகவும் பாராட்டத்தக்க பகுதி இதுவே எனலாம்.

எச்சரிக்கையைப் பிடிப்பதற்கு ஆர் இருவகைக் காவலர்களைத் தருகிறது. முதலாவது டிரைகேட்ச். எச்சரிக்கை எழுந்ததும் இக்காவலர் நடந்துகொண்டிருந்த கணக்கைக் கைவிட்டுவிட்டு, நாம் முன்னரே சொல்லிவைத்த மாற்றுவேலையைச் செய்கிறார். பாதியில் நின்ற கணக்கின் விடை கிடைக்காது. பிழைக்கு இது பொருந்தும். எச்சரிக்கைக்கு இதனைப் பயன்படுத்தினால், ஆறு ‘சுவடு’களுக்காக இருபத்து நான்கு நல்ல எண்களையும் இழப்போம்.

இரண்டாவது வித்காலிங்ஹேண்ட்லர்ஸ். பெயர் நீளமானது; பணி நுட்பமானது. எச்சரிக்கை எழுந்த இடத்திலேயே கணக்கை ஒரு கணம் நிறுத்தி, நாம் விரும்பியதைச் செய்துவிட்டு, ‘இனித் தொடர்க’ என்று விட்ட இடத்திலிருந்தே தொடரச்செய்கிறது. நுழைவாயிலில் வருவோர் பெயரைப் பேரேட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விடும் காவலரை இதற்கு ஒப்பிடலாம். அதன் வடிவம் வருமாறு:

பேரேடு <- கேரக்டர்()

விடை <- வித்காலிங்ஹேண்ட்லர்ஸ்(
  கணக்கிடு(கோப்பு),
  வார்னிங் = ஃபங்ஷன்(எ) {
    பேரேடு <<- சி(பேரேடு, கண்டிஷன்மெசேஜ்(எ))
    இன்வோக்ரீஸ்டார்ட்("மஃபிள்வார்னிங்")
  }
)

முதல் வரி வெறுமையான பேரேடு ஒன்றைத் திறக்கிறது. ‘கணக்கிடு’ என்பது நாம் எழுதிய செயற்கூறு. எச்சரிக்கை எழுந்தால் அது ‘எ’ என்னும் பெயரில் காவலரின் கைக்கு வருகிறது. கண்டிஷன்மெசேஜ் அதன் சொற்களை எடுத்துத் தருகிறது. அவை பேரேட்டின் இறுதியில் சேர்கின்றன. இரட்டைக் கோணக்குறியுள்ள அம்பு, செயற்கூற்றுக்கு வெளியே உள்ள பேரேட்டையே மாற்றுக என்கிறது. கடைசி வரியே உயிர்நாடி. எச்சரிக்கையின் ஒலியை மட்டும் அடக்கிவிட்டுக் கணக்கைத் தொடர விடுகிறது அது. அவ்வரியை எழுத மறந்தால் எச்சரிக்கை பேரேட்டிலும் ஏறும், திரையிலும் வரும்.

480 கோப்புகளும் முடிந்தபின் டேபிள்(பேரேடு) என இட்டால் எந்த எச்சரிக்கை எத்தனை முறை என்பது அட்டவணையாகக் கிடைக்கும். ஐம்பது என்னும் எல்லை இங்கில்லை. சொற்களோடு கோப்பின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொண்டால், அந்த ஏழு நிலையங்கள் எவை என்பதும் தெரிந்துவிடும். அறிக்கையின் பின்னிணைப்பாக இவ்வட்டவணையை வைப்பது நல்ல மரபு. கணக்கைப் பின்னாளில் சரிபார்ப்பவர் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை.

எச்சரிப்பவர் பங்கு

இதுவரை எச்சரிக்கையைப் பெறுபவராக நின்று பேசினோம். நாளை நீங்களே செயற்கூறு எழுதும்போது எச்சரிப்பவர் ஆவீர்கள்.

மடக்கின் உள்ளே நின்று ஒவ்வொரு சுற்றிலும் எச்சரிப்பதைவிட, உள்ளே எண்ணிக்கொண்டு வெளியே வந்தபின் ஒருமுறை சொல்வது மேல். ‘மாற்றத்தின்போது என்ஏ புகுந்தது’ என்று ஆறு முறை சொல்வதினும், ‘30 நாள்களில் 6 நாள்களுக்கு எண் இல்லை, அங்குள்ள சொல்: சுவடு’ என்று ஒருமுறை சொல்வது பயனுடையது. எங்கே, எத்தனை, எது என்னும் மூன்றும் அதில் இருக்கின்றன. செய்தியை அச்சிடுவதற்கான கேட், பிரிண்ட் ஆகியவற்றைத் தகவல் சொல்லப் பயன்படுத்தலாகாது. மெசேஜ் வழியே வரும் தகவல் விடையோடு கலவாமல் தனி ஓடையில் செல்கிறது, வேண்டாதவர் அடக்கிக்கொள்ளலாம். கேட் வழியே வருவது விடையோடு கலந்துவிடும். சப்ரஸ்மெசேஜஸ் அதனைத் தொடவும் இயலாது.

ஆர்லாங் என்னும் தொகுப்பு, ஓர் எச்சரிக்கை எத்தனை முறை ஒலிக்கலாம் என்பதையே அளபுருவாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும், ஓர் அமர்வுக்கு ஒருமுறை, எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று மூன்றில் ஒன்றைத் தேரலாம். எட்டு மணி என்பது ஏறத்தாழ ஒரு வேலைநாள். வழக்கொழியவிருக்கும் செயற்கூறுகளைப் பற்றி அறிவிக்கும் லைஃப்சைக்கிள் தொகுப்பும் இவ்வளவையே மேற்கொள்கிறது. நாளுக்கு ஒருமுறை நினைவூட்டினால் நிரலர் சலிப்படைய மாட்டார். முற்றிலும் மறக்கவும் மாட்டார்.

எச்சரிக்கை எப்போதும் எச்சரிக்கையாகவே நிற்கும் என்பதற்கும் உறுதியில்லை. ‘இஃப்’ என்னும் நிபந்தனைக் கூற்றில் ஒரே ஒரு உண்மை-பொய் மதிப்பு இருக்க வேண்டும். பல மதிப்புகளைத் தந்தால் ஆர் முதலாவதை மட்டும் கொண்டு, மற்றவற்றைப் பாராமல், எச்சரிக்கையோடு தொடர்ந்துவந்தது. 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பு அவ்வெச்சரிக்கையைப் பிழையாக உயர்த்தியது. எச்சரிக்கையைப் படித்துத் திருத்தியிருந்தவர்களின் நிரல்கள் புதிய பதிப்பிலும் ஓடின. அடக்கிவைத்திருந்தவர்களின் நிரல்கள் அந்த வரியில் நின்றன. நின்ற பின்னர்தான், அதுவரை அவை முதல் மதிப்பை மட்டுமே கண்டு முடிவு சொல்லிவந்தன என்பதும் தெரியவந்தது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளியின் ஒரு மாத வருகைப்பதிவை எண்வரிசையாக்கி, ‘விடுமுறை’, ‘மருத்துவ விடுப்பு’, ‘பதிவில்லை’ ஆகிய சொற்களை நடுவே இடுக. சராசரி வருகையைக் காணும்போது எழும் எச்சரிக்கையில், எச்சொல்லுக்கு எத்தகைய திருத்தம் பொருந்தும் எனக் குழுவில் உரையாடுக.

2. வீட்டிலும் தெருவிலும் ஒருநாளில் நீங்கள் கேட்கும் எச்சரிக்கை ஒலிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் எவற்றை இப்போது நீங்கள் கேட்பதே இல்லை என்பதைக் குறித்து, காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.

3. விரைவு, அச்சம், உவகை ஆகிய பொருள்களில் வரும் அடுக்குத்தொடர்களைத் திரட்டுக. ஒவ்வொன்றையும் இருமுறை, மும்முறை, பத்துமுறை அடுக்கிச் சொல்லிப் பார்த்து, பொருள் எவ்வெல்லையில் தளர்கிறது என வகுப்பறையில் விளக்குக.